காணிக்கு முற்பணம் கொடுக்குமுன் அடியிலுள்ள தண்ணீரை விசாரியுங்கள்

தொழில் தொடங்குவதற்காகக் காணி வாங்கப் போகும் நம் வியாபாரிகள் பல விடயங்களைக் கவனமாகப் பார்ப்பார்கள். உறுதி சுத்தமானதா, பாதை எத்தனை அடி, மின்கம்பம் எவ்வளவு தூரம், லொறி திரும்ப இடமுண்டா, பக்கத்துக் காணிக்காரர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் விசாரிப்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கிணறு வெட்டினால் வரும்தானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அதனால் பட்ட நட்டத்திலிருந்து கற்றுக்கொண்டதை வாசக சகோதரர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர் அநுராதபுர மாவட்டத்தில் வியாபாரம் சூடு பிடித்தது. அடுத்த வருடமே நானும் என் மச்சானும் பங்காகச் சேர்ந்து, அம்மாவட்டத்தில் அரிசி ஆலை ஒன்று போடுவதற்காக ஒன்றரை ஏக்கர் காணி வாங்கினோம். பிரதான வீதியோரம், மழைக்காலத்தில் வெள்ளம் ஏறாத நல்ல மேட்டுக் காணி. நெல்லை ஊறவைத்து அவிப்பதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆகவே குழாய்க் கிணறு தோண்டும் ஒருவரை அழைத்து வந்தோம். கூலி அடிக் கணக்கில் பேசப்பட்டது.

22 அடியில் கருங்கல் வந்துவிட்டது. "இன்னும் 50 அடி போனால் நிச்சயம் ஊற்று வரும்" என்றார் தோண்டியவர். போனோம். பிறகு இன்னும் 50 அடி. இப்படியே 280 அடி வரை இறங்கியும் வெள்ளைக் கல்மாதான் பறந்து வந்ததே தவிர, ஒரு வாளி தண்ணீருக்கும் வழியில்லை. ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் அதிகம் கிடைக்கும் என்று நாங்கள் நம்பினோம். அடிக்கு அடி கூலி வாங்குபவருக்கு அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அன்றைய பணத்தில் ஒரு சிறிய லொறிக்கு முற்பணம் கட்டக்கூடிய தொகை அந்தத் துளைக்குள் போய்விட்டது.

மாலையில் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, அவ்வூர் ஹாஜியார் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். விடயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மகன், மேட்டுல தண்ணி நிக்காது. அடியில உள்ளது ஒரே கல்லு. குளத்துக் கட்டுக்குக் கீழ எங்கட காணி ஒன்று கிடக்கு. அங்க இருபது இருபத்தஞ்சு அடி வெட்டிப் பாருங்க." நாங்கள் அரை மனதோடுதான் சம்மதித்தோம். ஆனால் 18 அடி அகலத்தில் 24 அடி ஆழத்துக்கு வெட்டிய அந்தக் கிணறுதான் எங்கள் ஆலையைக் காப்பாற்றியது. 280 அடியில் இல்லாத தண்ணீர் 24 அடியில் எப்படி இருந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், மண்ணும் பாறையும் தண்ணீரை எப்படி வைத்திருக்கின்றன என்பதை நான் ஓரளவு விளங்கிக்கொண்டேன்.

தேங்காய் லொறியும் மிளகு மூட்டையும்

நிலத்துக்கடியில் ஆறுகள் ஓடுகின்றன, அந்த ஆற்றில் குழாயை இறக்கினால் தண்ணீர் பீறிட்டு வரும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் குகைகளைத் தவிர மற்றைய இடங்களில் இது உண்மையல்ல. நிலத்தடி நீர் என்பது மண் மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்கியிருக்கும் மழைநீரேயாகும்.

லொறி ஒன்றில் தேங்காய் ஏற்றினால், எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் காய்களுக்கிடையே இடைவெளி இருக்கும். மிளகு மூட்டையிலும் அப்படித்தான். உருண்டையான பொருளாயின், காய் பெரிதோ சிறிதோ, மொத்த இடைவெளியின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், தேங்காய்களுக்கிடையே ஊற்றிய தண்ணீர் உடனே வடிந்துவிடும். மிளகுக்கிடையே ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி மணிகளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். மணி சிறுக்கச் சிறுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி கூடுகிறது.

மழை பெய்தவுடன் மேல்மண் முதலில் தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறது. பயிரும் மரமும் குடிப்பது இந்தப் பங்கைத்தான். மண்ணால் பிடித்து வைக்க முடியாத மிகுதியே கீழே இறங்குகிறது. இறங்கிப் போய் ஓர் ஆழத்துக்குக் கீழே எல்லா இடைவெளிகளையும் நிரப்பி நிற்கிறது. அந்த நிரம்பிய பகுதியின் மேல்மட்டத்தைத்தான் கிணற்றில் நாம் நீர்மட்டமாகக் காண்கிறோம். ஆகவே ஒரு மழைக்கு உடனே கிணறு ஊறவில்லையென்றால் ஆச்சரியப்பட வேண்டாம். வறண்ட மேல்மண் தன் கடனை முதலில் அறவிட்டுக்கொள்கிறது என்பதே பொருள்.

கொள்வது வேறு, கொடுப்பது வேறு

வியாபாரத்தில் சில வாடிக்கையாளர்களை நாம் அறிவோம். சொத்து நிறைய இருக்கும், ஆனால் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் கைக்கு வராது. களிமண் அந்த வகை. 100 லீற்றர் களிமண்ணில் 40 லீற்றருக்கு மேலும் தண்ணீர் இருக்கலாம். ஆனால் அதன் துவாரங்கள் மிக நுண்ணியவை என்பதால், கிணற்றுக்குள் வடிந்து வருவது சில லீற்றர் மாத்திரமே. நல்ல மணலில் 100 லீற்றருக்கு 35 லீற்றர் அளவில் தண்ணீர் இருந்தால், அதில் 20 முதல் 25 லீற்றர் வரை அது கொடுத்துவிடும். உடையாத கருங்கல்லிலோ நூற்றுக்கு ஒரு பங்கு இடைவெளி கூட இராது.

கொடுக்கும் வேகமும் ஒரு கணக்குத்தான். பிரான்ஸ் நாட்டின் டிஜோன் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயினூடாகத் தண்ணீரைச் செலுத்திப் பரிசோதனை செய்து, அதன் முடிவை 1856 இல் வெளியிட்டார். நீர்மட்டங்களின் உயர வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், கடக்க வேண்டிய தூரம் கூடினால் ஓட்டம் குறையும், அத்துடன் ஒவ்வொரு மண்ணுக்கும் தனக்குரிய ஒரு கடத்தும் திறன் உண்டு என்பதே அவர் கண்ட விதி. இன்றும் உலகெங்கும் நிலத்தடி நீர்க் கணக்குகள் அந்த விதியிலேயே போடப்படுகின்றன.

எனவே ஒரு கிணற்றைப் பற்றி விசாரிக்கும்போது "எத்தனை அடி ஆழம்?" என்று மட்டும் கேட்பது போதாது. "மணிக்கு எத்தனை லீற்றர் தருகிறது? இறைத்த பிறகு பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது?" என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊர்களின் அடித்தளம்

இலங்கையில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 வீதமான நிலப்பரப்பின் கீழே இருப்பது மிகப் பழைமையான கடும்பாறை. மிகுதி, வடக்கிலும் வடமேற்கிலும் காணப்படும் சுண்ணாம்புக்கல் முதலான படிவுப் பாறைகளாகும். மண்ணியல் அறிஞர் கலாநிதி சி. ஆர். பானபொக்கேயும் அவருடன் ஏ. பி. ஜி. ஆர். எல். பெரேராவும் 2005 இல் நீர்வளச் சபைக்காகத் தயாரித்த அறிக்கை, நாட்டின் நிலத்தடி நீர்ப் படைகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. நம்மவர்கள் வாழ்ந்து தொழில் செய்யும் ஊர்கள் இந்த ஆறிலும் பரந்து கிடக்கின்றன.

முதலாவது, கடும்பாறைப் பிரதேசம். அநுராதபுரம், குருநாகல், வவுனியா போன்ற உலர்வலயப் பகுதிகள் இதில் அடங்கும். இங்கே தண்ணீர் பெரும்பாலும் இருப்பது, பாறை உக்கி உதிர்ந்து உருவான மேல்படையிலும் அதை அடுத்துள்ள வெடிப்புகளிலும்தான். இந்த உக்கிய படை பல இடங்களில் 10 மீற்றருக்கும் குறைவு. மேட்டில் மெல்லியதாகவும் பள்ளத்தாக்கில் தடிப்பாகவும் இருக்கும். குளத்திலிருந்து கசியும் நீரும் பள்ளத்தாக்கையே சேர்கிறது. ஹாஜியார் சொன்னதன் விளக்கம் இதுதான். எங்கள் மேட்டுக் காணியில் உக்கிய படையும் வறண்டிருந்தது, கீழே வெடிப்பும் இருக்கவில்லை. வெடிப்பில்லாத பாறையில் 280 அடி போனாலும் 500 அடி போனாலும் பலன் ஒன்றே. கடும்பாறையில் குழாய்க் கிணறு தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று ஆய்வு செய்யாமல் தோண்டுவது அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் போடுவதற்குச் சமம். மேலும் உலர்வலய ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

இரண்டாவது, கரையோர மணல். கல்பிட்டி, மன்னார்த் தீவு, காத்தான்குடி முதல் கல்முனை வரையான கிழக்குக் கரை ஆகியன இவ்வகையின. மணலில் மழைநீர் இலகுவாக இறங்கிவிடும். ஆனால் அதற்கடியில் கடல்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால், உவர்நீரின் மேல் ஒரு தட்டுப்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே இரு ஐரோப்பிய ஆய்வாளர்கள் தனித்தனியே கண்ட கணக்கு. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு திரும்பவும் வேலை செய்யும். இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைந்தால், கீழேயிருந்து உவர் எல்லை காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும். மணல் ஊரில் ஆழமாகத் தோண்டி, பெரிய பம்பி பூட்டுவது உப்பை அழைப்பதாகும். அங்கே ஆழம் குறைந்த, அகலமான கிணறும், சிறிய பம்பியும், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதுமே ஏற்றவை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதைக் கண்ணாரக் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்வதற்காக நல்லெண்ணத்தோடு பலரும் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர் மேலேறும் ஆபத்து உண்டானது. குறைவாக இறைத்து, மழைக்கு விட்டுவிடுங்கள் என்பதே அப்போது ஆய்வாளர்கள் கூறிய ஆலோசனை. பின்னர் வந்த பருவ மழைகளே மணலைப் படிப்படியாகக் கழுவின.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் பெருந்தொகையாகப் புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் வந்து சேர்ந்தபோது, வந்தவர்களும் இருந்தவர்களும் பகிர்ந்துகொண்டதும் இப்படியான நிலத்தடி நீரைத்தான். ஒரே தட்டில் கைகள் கூடினால் என்னவாகும் என்பதை அப்பகுதியினர் அனுபவத்தில் அறிவார்கள்.

மூன்றாவது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல். மழைநீர் இக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலத்தடி ஆறு என்ற கதைக்கு ஓரளவு உண்மை இருப்பது இங்கேதான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பிரசித்தம். இங்கே தண்ணீர் தாராளமாக வரும். அதே வெடிப்பு வழியே அழுக்கும் வடிகட்டப்படாமல் வேகமாக வரும். தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்நீரின் வன்மை. கொதிகலனிலும் கேத்தலிலும் வெள்ளைப் படிவு பிடித்து எரிபொருள் செலவைக் கூட்டும்.

நான்காவது, ஆழத்தில் இரு இறுகிய படைகளுக்கிடையே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர். புத்தள மாவட்டத்து வனாத்தவில்லு, மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதிகள் உதாரணம். அழுத்தம் போதியதாக இருந்தால் பம்பி இல்லாமலே தண்ணீர் மேலெழும். ஆனால் இது ஆண்டுதோறும் விரைவில் நிரம்பும் நீரல்ல என்பது கவனிக்கத்தக்கது.

ஐந்தாவது, தென்மேற்கின் கபுக் மண். கம்பஹா, கொழும்பு, களுத்துறை மாவட்டங்களில் கிணறு வெட்டியவர்கள் இதை அறிவார்கள். துவாரங்கள் நிறைந்த இக்கல் மாரியில் நிறையக் குடிக்கும், கோடையில் வேகமாக வடித்துவிடும். மே மாதத்தில் ததும்பும் கிணறு பெப்ரவரியில் அடி தெரியலாம். இரும்புக் கறையும் இங்கே அடிக்கடி தலைகாட்டும்.

ஆறாவது, ஆற்றங்கரை வண்டல் மணல். களனி கங்கை, தெதுறு ஓயா போன்றவற்றின் கரைகள். ஆறும் கிணறும் இங்கே ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள். ஆற்றில் மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றின் தளம் தாழும், அதோடு கரையோரக் கிணறுகளும் தாழும். தெதுறு ஓயாவில் இது நடந்தது. மணல் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வரவும் செலவும்

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். 1 ஏக்கர் காணியில் 1 அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1 இலட்சத்து 3 ஆயிரம் லீற்றர். அநுராதபுரப் பக்கத்தில் வருடத்துக்கு 50 அங்குலம் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வெயிலுக்கும் மரத்துக்கும் ஓடைக்கும் போய்விடும். பத்தில் ஒரு பங்கு நிலத்தடியைச் சேர்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஏக்கரின் வருட வரவு சுமார் 5 இலட்சத்து 14 ஆயிரம் லீற்றர். நாளொன்றுக்குப் பிரித்தால் 1,400 லீற்றர்.

இப்போது ஒரு தொழிலுக்கு நாளாந்தம் 10,000 லீற்றர் தேவை என்று வையுங்கள். அதை வருடம் முழுவதும் இறைத்தால் ஏழு ஏக்கரின் வரவை நாம் செலவிடுகிறோம். நம்முடைய உறுதியில் இருப்பதோ ஒன்றரை ஏக்கர். மிகுதி ஐந்தரை ஏக்கரின் தண்ணீர் யாருடையது? பக்கத்துத் தோட்டக்காரருடையது, அந்த ஊர்ப் பள்ளிவாசல் ஹவ்ளுடையது, எதிர்வீட்டு விதவையின் கிணற்றுடையது. வேலிக்கு மேலேதான் எல்லை, கீழே எல்லை கிடையாது.

கடையில் நாளாந்த விற்பனையில் வரும் இலாபத்தைச் செலவு செய்தால் கடை நிற்கும். முதலைத் தின்னத் தொடங்கினால் இறாக்கைகள் வெறுமையாகும் வரை வெளியே எதுவும் தெரியாது. நிலத்தடி நீரும் அப்படித்தான். மழை வரவு, மண்ணுக்குள் தேங்கியிருப்பது முதல். கோடையில் நீர்மட்டம் சற்று இறங்கி மாரியில் பழையபடி ஏறினால் பயமில்லை. வருடா வருடம் மாரியின் பின்னும் முன்னைய மட்டத்துக்கு ஏறவில்லையென்றால் முதல் கரைகிறது என்று அர்த்தம். நான் எங்கள் ஆலைக் கிணற்றின் சுவரில் அடிக்கணக்கைக் கறுப்புச் சாயத்தால் எழுதி, மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை நீர்மட்டத்தைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். அதற்குச் செலவு ஒரு பேரேட்டுப் புத்தகம் மட்டுமே.

அயலவரின் பங்கு

எடுப்பது ஒரு பக்கம். விடுவது இன்னொரு பக்கம். மண்ணுக்குள் நாம் விடும் கழிவு மறைந்துவிடுவதில்லை, தண்ணீர் போகும் பாதையிலேயே போகிறது. கல்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து நைத்திரேற்று கிணறுகளில் இறங்கி, பல இடங்களில் குடிநீருக்கான எல்லையான 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காத்தான்குடி போன்று வீடுகள் நெருங்கிய மணல் ஊர்களில் ஒருவரின் மலசலகூடக் குழியும் அடுத்தவரின் கிணறும் சில யார் தூரத்திலேயே இருக்கின்றன. மணலுக்கு அது ஒரு தூரமே அல்ல.

கழிவெண்ணெயைப் பின்பக்கம் ஊற்றும் வாகனத் திருத்தகக்காரர்கள் சுன்னாகத்தை நினைவில் வைக்க வேண்டும். அங்கே மின் நிலையச் சூழலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் சம்பந்தப்பட்ட தனியார் மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. கிணற்றைக் கெடுப்பவர் செலவை ஏற்க வேண்டும் என்பது இன்று நாட்டின் சட்டமும்கூட.

நமக்கோ இது சட்டத்துக்கு முன்பே மார்க்கம் கற்றுத்தந்த விடயம். தண்ணீரில் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஒரு கிணற்றைச் சுற்றி இன்னொருவர் தோண்டி அதன் நீரைக் குறைத்துவிடாதபடி பாதுகாப்பு எல்லை ஒன்றை ஃபிக்ஹு அறிஞர்கள் 'ஹரீம்' என்ற பெயரில் வகுத்தார்கள். மதீனாவின் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் தம் பணத்தால் வாங்கி எல்லோருக்கும் வக்ப் செய்த வரலாறு சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களும் ஒரு வியாபாரிதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முற்பணத்துக்கு முன் ஆறு விடயங்கள்

ஒன்று, பக்கத்திலுள்ள நாலைந்து கிணறுகளை எட்டிப் பாருங்கள். எத்தனை அடியில் கல் வந்தது, கோடையில் எந்த மட்டம் என்று கேளுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு, காணியை மாரியில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். உலர்வலயத்தில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

மூன்று, கிணறு இருந்தால் பம்பி வைத்துச் சில மணித்தியாலம் இறைத்துப் பாருங்கள். மட்டம் எவ்வளவு இறங்கியது, ஏற எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை எழுதுங்கள்.

நான்கு, உப்பு, நைத்திரேற்று, புளோரைட், இரும்பு, கிருமி ஆகியவற்றுக்கு நீரைப் பரிசோதியுங்கள். உணவு சம்பந்தமான தொழிலாயின் இது கட்டாயம்.

ஐந்து, குழாய்க் கிணறு தோண்டுவதாயின் முதலில் நீர்வளச் சபை போன்ற தகுதியுள்ள நிறுவனத்திடம் நில ஆய்வு செய்வியுங்கள். தோண்டுபவரிடம் எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தேங்காயைக் கையில் பிடித்து ஊற்றுப் பார்ப்பவரை நம்பிப் பணத்தை இறக்க வேண்டாம்.

ஆறு, கூரை நீரைத் தொட்டியில் சேருங்கள், மிகுதியைக் கிணற்றடி மண்ணுக்குள் இறங்க விடுங்கள். முற்றம் முழுவதையும் கொங்கிறீற் போட்டு மூடாதீர்கள். செலவைக் குறைப்பது போல வரவைக் கூட்டுவதும் வியாபாரம்தான்.

கடைசியாக ஒன்று. உம்ரா, ஹஜ் சென்று ஸம்ஸம் அருந்திவந்த சகோதரர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். ஸம்ஸம் கிணறு ஏறக்குறைய 30 மீற்றர் ஆழமானது. அதன் மேற்பாதி பள்ளத்தாக்கு மணலிலும், கீழ்ப்பாதி கடும்பாறையிலும் அமைந்திருக்கிறது. மணலுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள அரை மீற்றர் அளவான உக்கிய பாறைப் படையே அதற்கு முக்கியமாக நீர் கொடுப்பதாகச் சவூதி புவியியல் அளவை நிறுவனம் கூறுகிறது. அநுராதபுரத்து ஹாஜியார் காட்டித்தந்த கிணறும் இதே அமைப்புத்தான் என்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த நிறுவனம் ஸம்ஸமுக்கென்றே தனி ஆய்வு மையம் வைத்து, நீர்மட்டத்தை இடைவிடாது அளந்து, எவ்வளவு இறைப்பது என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அல்லாஹ்வின் அற்புதமென்று நாம் நம்பும் கிணற்றையே அளந்து, அளவோடு இறைக்கிறார்கள் என்றால், நம் வீட்டுக் கிணற்றையும் தொழிற்சாலைக் கிணற்றையும் அளக்காமல் இறைப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

எங்கள் 280 அடித் துளை இன்னும் அந்த மேட்டில் இரும்பு மூடியோடு இருக்கிறது. அதை மண்ணிட்டு மூடிவிடுவோம் என்று மச்சான் பல முறை சொல்லியிருக்கிறார். நான் விடவில்லை. புதிதாகக் காணி வாங்க ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்களை முதலில் அதனருகே அழைத்துச் செல்கிறேன். பிறகு குளத்துக் கட்டுக்குக் கீழே உள்ள கிணற்றைக் காட்டுகிறேன். ஹாஜியார் இப்போது உயிருடன் இல்லை. அந்தக் கிணற்றிலிருந்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு குழாய் போட்டிருக்கிறோம். வுழூச் செய்பவர்கள் அவருக்காகத் துஆச் செய்கிறார்கள். வல்ல அல்லாஹ் அவரது கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. நம் தொழில்களிலும் தண்ணீரிலும் பரகத் செய்வானாக.